ஒற்றைப்படைச் சந்தேகங்கள்

சந்தேகம் கேட்கப் போகிறவருக்கு முதலில் ஒரு சந்தேகம் இருக்க வேண்டும். இந்தச் சின்ன நிபந்தனையை நிறைவேற்றாமலே நான் புகுமுக வகுப்பில் ஐந்து வாரம் சந்தேகம் கேட்டேன். எல்லாம் முறைப்படி, பதிவேட்டில் கையெழுத்தோடு.

அறுபதுகளின் தொடக்கம் அது. ராமநாதபுரத்துக்கு வெளியே உடைமரக் காட்டை வெட்டித் திருத்திய இடத்தில் எங்கள் கல்லூரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு அங்கே முதல் மணியிலிருந்தே ஆங்கிலம். முக்கோணம் என்கிற வரைக்கும் எனக்கு அது தெரிந்த ஆள்தான். 'ட்ரையாங்கிள்' என்று கூப்பிடத் தொடங்கியதும் முகம் கொடுத்துப் பேச மறுத்துவிட்டது. முதல் பருவத் தேர்வில் கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கினேன். வகுப்பில் பாதிப்பேர் அந்த வட்டாரத்திலேயே இருந்தபடியால் பெரிதாக வெட்கப்படவில்லை.

வெட்கப்பட நேரம் இருந்தது. பயப்படத்தான் நேரம் குறைவாக இருந்தது. ஆண்டு முடிவில் பல்கலைக்கழகத் தேர்வு. அதற்கு யார் யாரை அனுப்பலாம் என்று பார்க்கக் கல்லூரியே முன்கூட்டி ஒரு தேர்வு வைக்கும். அதற்குச் செலக்‌ஷன் என்று பெயர். அதில் பெயர் வராதவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் மதிப்பெண்களைப் பார்த்துக் கலங்கிய முதல்வர் ஓர் அறிவிப்புப் போட்டார். வேலை நாள்களில் மாலை நாலு மணி முதல் ஐந்தரை வரை, பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த அறையில் ஒரு டியூட்டர் உட்கார்ந்திருப்பார். எந்த மாணவனும் முன் அனுமதி இல்லாமல் உள்ளே போய்த் தெரியாததைக் கேட்கலாம். போகிறவர்கள் அங்குள்ள பதிவேட்டில் பெயர், வகுப்பு, பாடம், சந்தேகத்தின் விவரம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் அது தண்டனை அல்ல என்று எங்களுக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

டியூட்டர் என்பவர் விரிவுரையாளருக்குக் கீழே, எங்களுக்குச் சற்று மேலே இருந்த ஒரு பதவி. எங்களுக்கு வாய்த்தவர் கும்பகோணம் பக்கத்து ஆள். பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. முழுக்கைச் சட்டை, பையில் சுண்ணாம்புக்கட்டி. எல்லாரையும் 'மிஸ்டர்' என்று கூப்பிடுவார். ஊரில் 'ஏலே'க்கு மேல் மரியாதை பார்த்திராத நாங்கள் முதல் சில நாள் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தோம்.

முதல் வாரம் அறைக்கு ஒருவரும் போகவில்லை. காரணம் அட்டெண்டர். கல்லூரியில் எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நாங்கள் நம்பினோம்.

"ஏப்பா, அந்த நோட்டு எங்கன போகுதுன்னு நெனைக்கிறீக? நேரா பிரின்சிபால் மேசைக்கு. எவனுக்கு எம்புட்டுச் சந்தேகம்னு எண்ணுவாக. இம்புட்டுத் தெரியாதவனைப் பரிட்சைக்கு அனுப்பிக் காலேஜு பேரைக் கெடுத்துக்கிருவாகளா?"

இரண்டாம் வாரம் அதே அட்டெண்டர் அதே இடத்தில் நின்று வேறு சொன்னார். "வராதவன் பேரைத்தான் குறிக்கிறாகளாம். ஒழுங்கா வந்து கையெழுத்துப் போடுறவனுக்குச் செலக்‌ஷன்ல ஒரு கை குடுப்பாகளாம்."

இந்த மனமாற்றத்தின் காரணம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முதல் வாரத்தில், அறை காலியாக இருந்தால் அவர் நாலு மணிக்கே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தார். இரண்டாம் வாரத்தில், அறை காலியாகவே கிடந்தால் அந்த நேரத்தில் அவரை நூலகத்தில் தூசி தட்ட அனுப்புவதாகப் பேச்சு எழுந்தது. நான் பின்னாளில் முப்பத்து நாலு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டினேன். கொள்கை மாற்றங்கள் பலவற்றுக்கு இதைவிட நல்ல காரணம் இருந்ததாக நினைவில்லை.

ஆக, மூன்றாம் வாரத்திலிருந்து கூட்டம். நானும் போனேன். போவதற்கு முன் உட்கார்ந்து யோசித்தேன். நோட்டு முதல்வர் மேசைக்குப் போகிறது. அதில் என் சந்தேகத்தின் விவரம் இருக்கும். எனக்கு உண்மையில் இருந்த சந்தேகம் 'சைன், காஸ் என்றால் என்ன' என்பது. அதை எழுதினால் பெட்டியை அன்றைக்கே கட்டலாம். எழுதுகிற சந்தேகம் கௌரவமானதாக இருக்க வேண்டும். கேட்கிறபோது தடுமாறாமல் கேட்க வேண்டும். விளக்கிய பிறகு டியூட்டர் ஏதாவது திருப்பிக் கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சந்தேகம் ஒரு வகைதான் உண்டு. விடை தெரிந்த சந்தேகம்.

கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒற்றைப்படை எண்ணுள்ள கணக்குகளுக்கு மட்டும் விடையும் வழியும் அச்சிட்டிருந்தார்கள். அதில் ஒன்றை ராத்திரி மனப்பாடம் செய்வேன். மறுநாள் மாலை பதிவேட்டில் 'பயிற்சி ஏழு, கணக்கு மூன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பேன். டியூட்டர் கரும்பலகையில் போடுவார். பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன செய்யலாம் மிஸ்டர்?" என்பார். நான் ஒரு கணம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு அடுத்த வரியைச் சொல்வேன். "வெரி குட்" என்பார். நான் மட்டும் அல்ல, அறையில் முக்கால்வாசிப் பேர் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

கபடம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. பாதி மரியாதை. எங்கள் பக்கத்தில் பெரிய மனிதரிடம் அவருக்குப் பதில் தெரியாமல் போகக்கூடிய கேள்வியைக் கேட்பது அவரைக் கை நீட்டி அடிப்பதற்குச் சமானம். விளக்கி முடித்து அவர் "புரிஞ்சதா?" என்றால், பந்தியில் "போதும்" என்பதுபோல "புரிஞ்சது சார்" என்று சொல்லிவிட வேண்டும். இலையில் ஒன்றும் விழாவிட்டாலும் சொல்ல வேண்டும். 'புரியவில்லை' என்பது பரிமாறியவர் முகத்துக்கு நேரே சோறு பற்றவில்லை என்று சொல்வது.

இந்தச் சம்பிரதாயத்துக்குக் கட்டுப்படாத ஒருவன் விடுதியில் என் அறையிலேயே இருந்தான். பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பம். அவன் தெருவில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். சந்தேக அறைக்கு அவன் கொண்டுபோகும் காகிதத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். அடித்தல், திருத்தல், மேலே மீன் எண்ணெய்க் கறை. அதை டியூட்டரின் மேசையில் விரித்து வைத்து, "சார், இதுவரைக்கும் வந்துட்டேன். இங்கன தரை தட்டிருச்சு" என்று விரலை வைத்துக் காட்டுவான். படகு மணல் திட்டில் ஏறிக்கொள்வதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆறாம் வாரம் அய்யா வந்தார். எங்கள் கிராமம் தொண்டிக்கு மேற்கே, கண்மாய்ப் பாசனத்து ஊர். நிலத்துப் பத்திரம் ஒன்றைப் பதிய ராமநாதபுரம் வந்தவர், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று கல்லூரிக்கு வந்து, நான் சந்தேக அறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வாசலில் நின்றார். அட்டெண்டர் அவரை உட்கார வைத்து, பையன் எவ்வளவு ஒழுங்கு என்று காட்டுவதற்காகப் பதிவேட்டைப் பிரித்து நீட்டினார். அய்யாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் கையெழுத்துத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

நான் வெளியே வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் ஓரிடத்துக்கு நாள் தவறாமல் போய்க் கையெழுத்துப் போடுகிறான் என்றால் அந்த இடம் போலீஸ் ஸ்டேஷன்தான். வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப்பரம்பரை என்று சொல்லி ஊர் ஊராக அப்படிப் போட வைத்ததை அய்யா கண்ணால் பார்த்தவர்.

"என்னத்தச் செஞ்ச?" என்றார்.

"ஒண்ணும் செய்யலய்யா."

"ஒண்ணும் செய்யாதவங்கிட்டத்தான் ஒரு மாசமாக் கையெழுத்து வாங்குறாகளா?"

அட்டெண்டர் குறுக்கே வந்தார். "அப்படியில்லங்க. பாடத்துல தெரியாததை வந்து கேக்குறாக. கேட்டதுக்குக் கையெழுத்து."

அய்யாவின் முகம் தெளிந்தது. பத்து நொடி இருக்கும். மறுபடி பதிவேட்டைப் புரட்டினார்.

"அப்ப ஒரு மாசமா ஒனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

அவ்வளவும் எனக்குத் தெரிந்த கணக்குகள்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அட்டெண்டர் பக்கத்தில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

"செலக்‌ஷனு செலக்‌ஷனுங்கிறாகளே, அதுல ஒம் பேரு வரலைன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துரு" என்றார் அய்யா. "தொண்டியில ஒஞ் சித்தப்பன் உப்பு டிப்போவுக்கு ஆளு வேணுங்கிறான். அங்கன வந்து ஒக்காந்துக்க. அங்க யாரும் ஒன்னையக் கேள்வி கேக்கமாட்டாக."

அந்த உப்பு டிப்போவை எனக்குத் தெரியும். தகரக் கொட்டகை. சித்தப்பா அதில் இருபது வருஷமாக உட்கார்ந்திருந்தார். அவர் கால் விரல்களில் எப்போதும் வெடிப்பு இருக்கும். திரும்பிப் போகும் பஸ்ஸை அய்யா பிடித்த பிறகு நான் விடுதிக்குப் போய், இன்னும் இரண்டு ஒற்றைப்படைக் கணக்குகளை அதிகமாக மனப்பாடம் செய்தேன். அச்சம் மனிதனை உழைக்க வைக்கும். எந்தப் பக்கம் உழைப்பது என்று சொல்லாது.

ஏழாம் வாரம் ஒரு நாள். டியூட்டர் என் அறைக் கூட்டாளி கொண்டுவந்த கணக்கைக் கரும்பலகையில் எடுத்துக்கொண்டார். கடலில் ஒரு படகு. அதிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கின் உச்சி முப்பது டிகிரியில் தெரிகிறது. படகு அறுபது அடி கரையை நெருங்கியதும் நாற்பத்தைந்து டிகிரியில் தெரிகிறது. விளக்கின் உயரம் என்ன. எங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றோம். டியூட்டர் வேகமாகப் போட்டு முடித்து, விடையின் கீழே இரண்டு கோடு இழுத்தார். இருபத்திரண்டு அடி.

"புரிஞ்சதா?"

"புரிஞ்சது சார்" என்றோம். என் குரல் எல்லாருக்கும் முந்தி வந்தது.

"இல்ல சார்" என்றான் என் கூட்டாளி.

 டியூட்டர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடி இருபத்திரண்டு.

"இப்ப?"

"கணக்கு ஓடுறது தெரியுது சார். விளக்குத்தான் ஒசரம் பத்தல. இருபத்திரண்டு அடின்னா எங்க வத்தைப் படகுல நட்டுருக்க பாய்மரம் அதைவிட ஒசரம். அம்புட்டுக் குட்டையா வெளக்கு வச்சா எவனுக்குத் தெரியும்? எல்லாப் படகும் பார்ப் பாறையில போயி மோதிப்புடும்."

நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். டியூட்டர் கோபிக்கவில்லை. சுண்ணாம்புக்கட்டியைக் கையில் உருட்டியபடி கரும்பலகையை மேலிருந்து கீழாகப் படித்தார். நாலாவது வரியில் நின்றார். ஒன்றை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவரும்போது கழித்தல் போட வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டிருந்தார். அழித்துத் திருத்தினார். விளக்கு எண்பத்திரண்டு அடிக்கு வளர்ந்தது.

"அது வெளக்கு" என்றான் அவன்.

டியூட்டர் காது சிவந்து நின்றார். அவருக்கும் இருபத்துமூன்று வயதுதானே. பிறகு மெல்ல எங்கள் பக்கம் திரும்பினார். என் மேல் பார்வை நின்றது.

"நீங்க புரிஞ்சதுன்னு சொன்னீங்களே மிஸ்டர். என்ன புரிஞ்சது?"

நான் கரும்பலகையில் அழிந்துபோன கூட்டலைத் தேடினேன். அவர் மேசைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தார். என் பெயரைத் தேடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கணக்குப் படித்தவர் அல்லவா, எண்கள் வரிசையாக நின்றால் அவருக்குக் கண்ணை உறுத்தும்.

"மூணு. ஏழு. பதினொண்ணு. அஞ்சு. பதிமூணு" என்று படித்தார். "உங்களுக்கு இரட்டைப்படையிலே சந்தேகமே வராதா மிஸ்டர்?"

என்னைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் பெயருக்கு எதிரேயும் ஒற்றைப்படைதான். ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து, ஐந்து நிமிஷத்தில் அறை காலியாயிற்று. நான் நகர மறந்துபோனேன்.

"நாளைக்கு வாங்க. தெரியாததைக் கொண்டுவாங்க" என்றார்.

செலக்‌ஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. தெரியாததைக் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று இரவுதான் தெரிந்தது. எனக்குத் தெரியாதது மொத்தமாக ஒரு பொதியாகக் கிடந்தது. அதில் எதை உருவுவது? கூட்டாளியிடம் கேட்டேன். மல்லாந்து படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏலே, நீ தப்பாப் போட்ட கணக்கு எங்க? அதைக் கொண்டு போ. எங்கய்யா வலையைக் கரையில போட்டா கிழிஞ்ச எடத்தைத்தான் தேடி எடுப்பாக. கிழியாத எடத்தைத் தடவிக் குடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டாக."

யோசனை சரி. ஆனால் தப்பாகப் போட்ட கணக்கு என்னிடம் ஒன்றுகூட இல்லை. யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று அவ்வப்போது கிழித்து ஜன்னல் வழியே போட்டுவிடுவது என் வழக்கம். விடுதியைச் சுற்றித் திரிந்த ஆடுகள் இரண்டு மாதத் தவறுகளையும் தின்று முடித்திருந்தன. புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குத் தனி முயற்சி தேவைப்படவில்லை. உயரமும் தூரமும் பற்றிய பாடத்தில் இரட்டைப்படைக் கணக்குகள் பன்னிரண்டைப் போட்டேன். விடைகளைப் பார்த்தாலே தெரிந்தது, பன்னிரண்டும் தப்பு.

மறுநாள் சந்தை நாள். வெளியூர்ப் பையன்கள் முந்தின பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள் என்பதால் அறையில் கூட்டம் இருக்காது. இது எனக்கு ஐந்து வாரமாகத் தெரியும். அந்த நாளில் பார்க்க ஆள் இல்லாததால் நான் போனதில்லை. அன்று டியூட்டர் தனியாக இருந்தார். பன்னிரண்டு கணக்குகளையும், களவுச் சாமானை எடுத்து வைப்பதுபோல அவர் முன் வைத்தேன்.

அவர் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார்.

"பன்னிரண்டு தப்பு இல்லே மிஸ்டர். ஒரே தப்பைப் பன்னிரண்டு தடவை செஞ்சிருக்கீங்க."

எல்லாப் படத்திலும் கோணத்தை நான் உச்சியில் போட்டிருந்தேன். கலங்கரை விளக்கு, கோபுரம், பனைமரம், எதுவானாலும் பார்க்கிறவனை அதன் தலையில் ஏற்றி உட்கார வைத்திருந்தேன். ஏன் என்று அவர் கேட்டார்.  கணக்கு என்றதும் எனக்குத் தோன்றியது கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு கீழே வயலில் யார் என்ன செய்கிறார்கள் என்று அய்யா பார்ப்பதுதான். எங்கள் வீட்டில் பார்ப்பது என்றால் மேலிருந்து கீழே. ஏதோ உளறலாக இதைச் சொன்னேன். டியூட்டர் சிரித்துவிட்டார்.

அறைக்குத் திரும்பிக் கூட்டாளியிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. பொறுப்போடு அறிவுரை சொன்னான். "வெளக்கு மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு அதோட ஒசரம் என்னான்னு கேட்டா எப்புடித் தெரியும்? எறங்கி வத்தைக்கு வா. அங்கன இருந்து அண்ணாந்து பாரு."

அவன் சொன்னபடி இறங்கினேன். பன்னிரண்டில் ஒன்பது அவன் போட்ட விடையோடு ஒத்து வந்தது. மீதி மூன்றில் புதிதாக வேறு தப்புகள் கிளம்பின. அவற்றை எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். முந்தின நாள் பதிவேட்டைத் தொடத் துணியவில்லை; அன்று சந்தேகத்தின் விவரம் என்ற கட்டத்தில் முதல் தடவையாக ஓர் இரட்டைப்படை எண்ணை எழுதினேன். எழுதும்போது முதல்வர் அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வதாகத் தோன்றியது. அவர் அந்தப் பதிவேட்டை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அட்டெண்டரே அதைக் கடைசியில் சொன்னார்.

டியூட்டரும் முறையை மாற்றிவிட்டார். 'புரிஞ்சதா' என்று கேட்பதை நிறுத்தினார். விளக்கி முடித்ததும் சுண்ணாம்புக்கட்டியை நம் கையில் கொடுத்து, "அடுத்ததை நீங்க போடுங்க மிஸ்டர்" என்று விலகி நிற்பார். பந்தியில் சாப்பிட்டவனை எழுப்பிச் சமைக்கச் சொன்ன மாதிரி. அந்த மூன்று வாரமும் கரும்பலகை முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றேன். அறைக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை நாலாகச் சுருங்கிவிட்டது. அதனால் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிஷம் கிடைத்தது. போகும்போது எங்கே தடுக்கியது என்று காகிதத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனால் அந்த இருபது நிமிஷம் போதும். புள்ளி வைக்காமல் போனால் ஒரு மணி நேரமும் போதாது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வாரத்தில் எட்டு வாரம் ஆயிற்று.

செலக்‌ஷன் கணக்குத் தாளில் ஏழு கேள்விகள். ஐந்து எழுத வேண்டும். ஒன்றை முழுதாகவும் இன்னொன்றை அரைகுறையாகவும் போட்டேன். மூன்றாவதில் விடை வந்தது. அது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, நிஜமான சந்தேகம். நாலாவதில் பாதியில் நின்றது. பழைய ஆளாக இருந்தால் அடித்துவிட்டு வேறு எதையாவது மனப்பாடத்திலிருந்து இறக்கியிருப்பேன். தெரிந்தவரைக்கும் எழுதி அப்படியே விட்டேன். ஐந்தாவதை நான் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது.

பத்து நாள் கழித்துப் பட்டியலை ஒட்டினார்கள். அட்டெண்டர் பசை டப்பாவோடு வரும்போதே பின்னால் நூறு பேர். ஒட்டி முடிக்க விடாமல் இடித்தோம். என் பெயர் இருக்க வேண்டிய இடத்துக்குக் கண் போக மறுத்தது. கூட்டாளிதான் எட்டிப் பார்த்தான்.

"இருக்குலே. நானும் இருக்கேன். ஒம் பேருக்குப் பக்கத்துல பூ மாதிரி ஒண்ணு போட்டுருக்காக. எனக்குப் போடல."

அது நட்சத்திரக் குறி. பட்டியலின் அடியில் அதற்கு விளக்கம் இருந்தது: கணிதத்தில் எல்லைக்கோட்டு மதிப்பெண், கவனம் தேவை. தேவைப்பட்டது முப்பத்தைந்து, நான் வாங்கியது முப்பத்தாறு. பாதியில் நின்ற அந்த நாலாவது கணக்குக்கு நாலு மதிப்பெண் போட்டிருந்தார்கள் என்பதைத் தாளைத் திருப்பித் தந்தபோது பார்த்தேன். விடைத்தாளை மடித்து வைத்துக்கொண்டேன். ஆட்டுக்குப் போடவில்லை.

அன்றைக்கே வீட்டுக்குக் கார்டு எழுதினேன். நட்சத்திரத்தைப் பற்றி எழுதவில்லை. நாலாம் நாள் அய்யாவிடமிருந்து பதில் வந்தது. பெயர் வந்தது அறிந்து எல்லாருக்கும் சந்தோஷம் என்றும், உப்பு டிப்போவுக்குச் சித்தப்பா வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'பாடம் எல்லாம் தெரிந்துவிட்டபடியால், இனிமேல் அந்த இடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.'

பல்கலைக்கழகத் தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. கார்டைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு மணி பார்த்தேன். நாலு அடிக்கப் பத்து நிமிஷம். லாகரிதம் அட்டவணையையும், புள்ளி வைத்த மூன்று காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.